பாண்டாத் தீவுகளும் சாதிக்காய் ஏகபோகமும்

உஷ்ணம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குத் தானாகச் செல்வதில்லை என்று ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் 1850இல் எடுத்துரைத்தார். ஏற்றத்தாழ்வு எதுவும் தன் இயல்பில் கரையவே முற்படும் என்பதும், அதைக் கரையவொட்டாமல் நிறுத்தி வைக்க ஓயாது வேலை செய்தாக வேண்டும் என்பதும் அந்தப் பௌதிக நியதியின் சாரம். வாணிப சரித்திரத்தில் இதற்கு நேரான உதாரணம், இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள பாண்டாத் தீவுகளில் இருக்கிறது.

முற்றிய காய் வெடித்து, கரிய ஓட்டின்மேல் செக்கச்சிவந்த சாதிபத்திரி தெரியும் அந்த மரம், பல நூற்றாண்டுக் காலம் உலகச் சந்தைக்குச் சாதிக்காயை அத்தீவுகளிலிருந்து மட்டுமே வழங்கியது. ஜாவானியரும் மலாய்க்காரரும் அரபியரும் போட்டியிட்டு வாங்கினர். நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் அங்கே பண்டமாற்றுக்குச் சென்றன. வாங்குவோர் பலராயிருந்தவரையில் விலை ஒருவர் கைக்குள் அடங்கவில்லை.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோ, தீவில் அற்ப விலைக்கு வாங்கி ஐரோப்பாவில் பன்மடங்கு விலைக்கு விற்க விழைந்தது. தீவினர் பிறருக்கும் விற்றதைப் பொறாத கவர்னர் ஜெனரல் கூன், 1621இல் படையோடு வந்து, ஊர்ப் பெரியோர் 44 பேரின் தலையைக் கொய்வித்தான். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் தீவுகளில் மிகச் சிலரே எஞ்சினர். நிலம் தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அடிமைகள் இறக்குமதி செய்யப்பட்டனர்.

அதோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. விதை வேறெங்கும் முளைக்காதிருக்கக் காயைச் சுண்ணாம்பில் தோய்க்க வேண்டியிருந்தது. அனுமதியற்ற மரங்களை வெட்டவும், கடலைக் காவல் காக்கவும், விலை சரியாதிருக்க மிகுதிச் சரக்கை எரிக்கவும் வேண்டியிருந்தது. பழத்தை விழுங்கிக் கடல் தாண்டும் புறாக்களுக்கு மட்டும் சாசனம் எதுவும் செல்லவில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தடுப்பு கசியத் தொடங்கியது. 1770இல் பிரெஞ்சு அதிகாரி புவாவ்ரின் முயற்சியால் கன்றுகள் மொரீஷியஸை அடைந்தன. 1796இல் பாண்டாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் பினாங்கிலும் பிற இடங்களிலும் அவற்றை நட்டனர். கடன் சுமையில் மூழ்கிய கம்பெனி 1799இல் கலைக்கப்பட்டது.

ஆயினும், பௌதிகத்தின் துணை ஓரெல்லை வரையில்தான். ஏற்றத்தாழ்வு நிலைக்க வேலை தேவை என்பதை அது சொல்லும். அந்த வேலையின் விலையை யார் செலுத்தினார் என்பதைச் சரித்திரம்தான் சொல்ல வேண்டும். இங்கே அதைச் செலுத்தியவர் கம்பெனிப் பங்குதாரர் அல்லர். படுகொலைக்குத் தப்பிக் கேய்த் தீவுகளுக்கு ஓடிய பாண்டா மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். பாண்டாவில் வழக்கொழிந்த அவர்களது மொழியை, இப்போது பேசுவோர் அந்தக் கேய்த் தீவுச் சிற்றூர்களில்தான் உள்ளனர்.