பாதி வயலில் நின்றுபோகும் பாதைகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் செய்வது இணையத்தில் வரைபடத்தைத் திறப்பதுதான். ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற அரசு வரைபட நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள் தெரியும். அவைதான் பொது நடைபாதைகள். ஒரு கோடு தேவாலயத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பும், ஓடையைத் தாண்டும், இரண்டு வயல் வழியாகப் போகும். பிறகு திடீரென்று நின்றுவிடும். சாலை இல்லை, வீடு இல்லை, வெறும் வயல் ஓரம். அங்கே வரை நடந்து போய் என்ன செய்வது, திரும்பி வருவதா?

முதல் தடவை பார்த்தபோது யாரோ வரைபவர் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்ததில், அப்படி நிற்கும் இடம் பெரும்பாலும் ஊர் எல்லை என்று தெரிந்தது. இந்தப் பக்கத்து ஊர் பாதையைக் கணக்கில் எழுதியது, அந்தப் பக்கத்து ஊர் எழுதவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஏன் எழுதினார்கள், யார் எழுதினார்கள் என்று பார்க்கப் போனால் கதை நீளமானது.

இந்தப் பாதைகள் உல்லாசத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. கூலிக்காரர்கள் பண்ணைக்கும், தானியம் அரைக்க மாவு ஆலைக்கும், ஞாயிறன்று தேவாலயத்துக்கும், மாலையில் மதுக்கடைக்கும் நடந்து நடந்து உண்டானவை. மக்கள் தடையின்றி நெடுங்காலம் நடந்தால் அது பொதுவழி என்பது அந்நாட்டு வழக்குச் சட்டம். ஒருமுறை பொதுவழி ஆகிவிட்டால், முறைப்படி மூடப்படும் வரை அது பொதுவழிதான். நூறு வருடம் யாரும் நடக்காவிட்டாலும் உரிமை போகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இதற்கு ஒரு இடத்தில் சேர்த்து வைத்த பதிவேடு எதுவும் கிடையாது. ஊர்ப் பெரியவர்களின் ஞாபகம்தான் பதிவேடு.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேலியடைப்புச் சட்டங்கள் வந்து, பொது மேய்ச்சல் நிலங்கள் தனியார் கைக்குப் போயின. 1815ல் வந்த ஒரு சட்டப்படி, இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கூடி "இந்தப் பாதை தேவையில்லை" என்று கையெழுத்துப் போட்டால் பாதையை மூடிவிடலாம். மாஜிஸ்திரேட் யார்? அந்த வட்டாரத்து நிலக்கிழார்தான். மூடச் சொல்பவர் யார்? பக்கத்து எஸ்டேட்காரர், அவருடைய சிநேகிதர். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. இதை எதிர்த்து 1826லேயே மான்செஸ்டரில் பாதைகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

இந்தச் சண்டைகளில் எல்லோரும் சொல்வது 1932ல் நடந்த கிண்டர் ஸ்கவுட் போராட்டம். ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் தலைமையில் சுமார் 400 பேர், பணக்காரர்கள் க்ரௌஸ் பறவைகளைச் சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த மலைவெளியில் ஏறினார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. புகழ் பெற்ற கதை, அதனால் நீட்டவில்லை. தவிர, அவர்கள் கேட்டது திறந்த மலைவெளியில் உலவும் உரிமை. பாதை உரிமை என்பது வேறு.

எனக்குப் பிடித்தது அதற்கு 36 வருடம் முந்தைய கதை. லங்காஷயரில் போல்டன் என்ற நெசவாலை நகரம். அதற்கு மேலே விண்டர் ஹில் என்ற மலை. அதில் ஏறும் ஒரு பாதையை கர்னல் ஐன்ஸ்வொர்த் என்ற எஸ்டேட் முதலாளி வாயிற்கதவு போட்டு அடைத்துவிட்டார். காரணம் இங்கேயும் க்ரௌஸ் வேட்டைதான். 1896 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, சுமார் பத்தாயிரம் பேர் திரண்டு கதவைத் தள்ளிக்கொண்டு மேலே போனார்கள் என்கிறார்கள். வாரம் ஆறு நாள் ஆலைக்குள் கிடந்த ஜனங்களுக்கு இருந்த ஒரே திறந்தவெளி அது. கர்னல் நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தும் விட்டார். அந்தப் பாதை அதிகாரபூர்வமான பொதுவழியாகப் பதிவானது 1996ல். சரியாக நூறு வருடம்!

ராத்மன் சிறைக்குப் போன அதே 1932ல் ஒரு சட்டம் வந்தது. இருபது வருடம் மக்கள் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி என்று கொள்ளலாம் என்றது. ஆனாலும் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாக வழக்காடித்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு முடிவு கட்ட வந்ததுதான் 1949ம் வருடத்துத் தேசியப் பூங்காச் சட்டம். ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லையில் உள்ள பாதைகளை எல்லாம் கணக்கெடுத்து ஓர் அறுதி வரைபடம் தயாரிக்க வேண்டும். அதில் ஏறிய பாதையைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

கவுண்டி அலுவலர்களால் ஊர் ஊராக நடக்க முடியுமா? வேலையை பாரிஷ் கவுன்சில் எனப்படும் ஊர்ச் சபைகளிடம் கொடுத்தார்கள். இங்கேதான் நம்முடைய பாதி வயல் பாதை பிறந்தது. சில ஊர்களில் பள்ளி ஆசிரியரும் தபால்காரரும் வேலி வேலியாக நடந்து ஒன்று விடாமல் எழுதினார்கள். சில ஊர்களில் சபை உறுப்பினர்களே பண்ணைக்காரர்கள். தன் வயல் நடுவே போகும் பாதையைத் தானே எழுதிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? இன்னும் சில ஊர்களில், "எல்லோருக்கும் தெரிந்த பாதைதானே, இதை வேறு எழுதணுமா" என்று விட்டுவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் குதிரைப் பாதை, அந்தப் பக்கம் வெறும் நடைபாதை என்று பதிவான கூத்தும் உண்டு. குதிரையில் வருபவர் எல்லையில் இறங்கி, குதிரையை என்ன செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது :-)

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 மைல் பொதுவழிகள் பதிவாகியிருக்கின்றன. இணையத்தில் நாம் பார்க்கும் பச்சைக் கோடுகள் அந்த அறுதி வரைபடங்களிலிருந்து எடுத்தவை. கறுப்புக் கோடு என்றால் தரையில் தடம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், நடக்க உரிமை உண்டா என்பது தனிக்கேள்வி. இந்த வித்தியாசம் தெரியாமல் கறுப்புக் கோட்டை நம்பிப் போனால் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டி வரலாம். 2004ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் கண்ணால் கண்ட தடங்களை வரைகிறார்கள், செல்பேசிச் செயலிகள் முன்னால் போனவர்களின் தடத்தைக் காட்டுகின்றன. நல்ல வழி கண்டுபிடிக்க இரண்டும் உதவும். ஆனால் நூறு பேர் போன தடம் என்பதாலேயே அது பொதுவழி ஆகிவிடாது.

சரி, விட்டுப்போன பாதைகள் என்னவாயின? உரிமை அழியவில்லை, வரைபடத்தில்தான் இல்லை. ஆனால் 2000ம் வருடச் சட்டம் ஒரு கெடு வைத்தது. 1949க்கு முந்தைய பாதைகளை 2026 ஜனவரி 1க்குள் பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்றது. நூற்றாண்டுகளாக நடந்து உண்டானதை ஒரு தேதியில் அழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2020ல் ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயணிகள் அமைப்பு, பழைய வரைபடத்தையும் புதியதையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லி மக்களை அழைத்தது. நாட்டை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஆறே வாரத்தில் முடித்தார்கள். கிடைத்தவை 49,000 மைலுக்கும் அதிகம். கெடு பின்பு 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அதை அடியோடு நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

கெடு போனாலும் ஆதாரம் தேட வேண்டியது போகாது. பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் பாதை இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் "இதில் பாதை காட்டியிருப்பது உரிமைக்குச் சான்றல்ல" என்று அந்த வரைபடங்களே சொல்லிவிடுகின்றன. 1910ல் நிலமதிப்பின் மேல் வரி போட ஒரு சட்டம் வந்தது. நிலத்தில் பொதுவழி இருந்தால் மதிப்பில் கழிவு உண்டு. பாதையே இல்லை என்று ஊருக்குள் சாதித்த முதலாளிகளில் சிலர், வரி என்றதும் "ஆமாம், இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் களப் புத்தகங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்று பாதை கோருபவர்களுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சிகளில் அவையும் ஒன்று.

வீட்டிலிருந்தே ஒன்று செய்து பார்க்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸின் பழைய வரைபடங்களும் இலவசம். பழையதை இன்றைய வரைபடத்தின் மேல் விரித்து மங்கலாக்கவும் தெளிவாக்கவும் முடியும். பச்சைக் கோடு வயலில் நிற்கும் ஓர் இடத்தைப் பிடித்து, பழையதை மெல்லத் தெளிவாக்குங்கள். பல இடங்களில் எல்லைக்கு அப்பாலும் இரட்டைப் புள்ளிக் கோடாக அதே பாதை தொடரும், பக்கத்தில் நடைபாதை என்பதற்கான எஃப்.பி. என்ற இரண்டெழுத்தோடு. அதை யாராவது ஏற்கெனவே கோரியிருக்கிறார்களா என்பதை அந்தக் கவுண்டியின் விண்ணப்பப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.