ரதி வேடம் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் உயர்தரக் கலைப்பிரிவுக்கு நாடகமும் அரங்கியலும் பாடம் புதிதாக வந்த வருடம் நடந்த கதை இது. இருபத்து மூன்று பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். பத்துப் பேரோடு தொடங்குங்கள் என்றார் அதிபர். மண்டபத்தில் மேசையைப் போட்டு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்தோம். உச்சரிப்பு, குரல், அங்க அசைவு, நினைவாற்றல் என்று நான்கு கட்டம் போட்ட புள்ளித்தாள். கட்டத்துக்குப் பத்துப் புள்ளி. உச்சரிப்பைத்தான் முதலில் எழுதியிருந்தோம்.

மேல் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். நாங்கள் கொடுத்த வசனத்தை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் திக்கினாள். ழகரம் வரவில்லை. "வேற ஏதாவது செய்து காட்டுங்க மகள்" என்றோம். "ஒப்பாரி சொல்லவா சேர்? எங்க அம்மாயி சொல்றது" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு வரி சொன்னாள். "இது நாடகமில்ல மகள்" என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் தலையாட்டினோம். பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு மாணவனின் தகப்பன் கூப்பிட்டதால் இராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் காமன் கூத்துப் பார்க்கப் போனோம். இத்தனை வருடமாக வலப்பனையில் இருந்தும் அதுவரை ஒரு காமன் கூத்தைக்கூட விடியும்வரை பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மலையகத்துக் கூத்துகளில் பெரியவை மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிவைத்த தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனங்கள் மூட்டையில் பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. கூத்தை உடம்பிலும் தொண்டையிலும் கொண்டுவந்தார்கள். பகல் முழுக்கத் துரைக்கும் கங்காணிக்கும் போன பிறகு மிஞ்சிய இரவில் ஆடினார்கள்.

மாசி மாத அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். தப்பு முழங்க ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போவார்கள். கடைசி இரவில் சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோக, ரதி அழுவாள்.

அந்த ரதியாக ஆடுவது ஆண். நாங்கள் போன இடத்தில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர். பகலில் கவ்வாத்து வெட்டுகிறவராம். சேலை கட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி அவர் ஒப்பாரி எடுத்தபோது பக்கத்தில் நின்ற பெண்கள் சத்தமில்லாமல் அழுதார்கள். "இவர எப்பிடித் தெரிஞ்சீங்க?" என்று கேட்டோம். "யாரு சேர் தெரியிறது? அவரு அப்பா ரதி கட்டினாரு. தொண்டையும் அப்பா தொண்ட. நேத்திக்கடனும் இருக்கு" என்றார் ஒரு பெரியவர்.

அந்த மெட்டை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தோம். எங்கள் பாடசாலை மண்டபத்தில். நாலு வரியோடு நிறுத்தச் சொன்னோமே, அதுதான்.

நினைத்துப் பாருங்கள். ஒப்பாரி பெண்களின் கலை. சாவு வீட்டில் அதைச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். மேடைக்குப் போகும்போது மட்டும் ஆணின் வாய்க்கு மாறிவிடுகிறது. எங்கட நாட்டில் மட்டும் இல்லை, ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடையிலும் பெண் பாத்திரங்களில் நடித்தவர்கள் பையன்கள்தான். அந்தப் பிள்ளை மண்டபத்தில் நின்று செய்தது, தன் தோட்டத்துக் கூத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத ஒரு வேடத்தை. அதற்குத்தான் நாங்கள் சிரித்தோம்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டோம். "நான் அரசியல் விஞ்ஞானம் பதிஞ்சிட்டேன் சேர்" என்றாள். அதிபரிடம் போய் நின்று, கடிதம் எழுதி, பாடத்தை மாற்றி எடுத்தோம். அவளுடைய அம்மா ஒரு பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடேயே வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். "கூத்துப் படிச்சா வேல கெடைக்குமா சேர்?" என்று மட்டும் கேட்டார். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, நாடகமும் அரங்கியலும் அங்கே பட்டப்படிப்பு, உள்ளே போகச் செயன்முறைத் தேர்வு ஒன்று உண்டு என்று விளக்கினோம். வேலையைப் பற்றி நிச்சயமாக எதையும் சொல்ல எங்களால் முடியவில்லை.

ஒரு பிள்ளையை அரங்குக்குத் தெரிவது எப்படி? கலாசாலையில் எங்களுக்கு யாரும் அதைக் கற்பிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தேடினோம். கலாசாலையில் எங்களோடு படித்த கிழக்கு நண்பர்களிடம் கேட்டோம், புத்தகங்களைப் புரட்டினோம்.

மட்டக்களப்புக் கூத்தில் இதற்கென்றே ஒரு சடங்கு இருக்கிறது. பெயர் சட்டம் கொடுத்தல். ஊர் கூடி எந்தக் கூத்து என்று முடிவெடுத்த பின், அண்ணாவியார் ஆடவந்தவர்களின் குரலையும் உடம்பையும் பார்ப்பார். யாருக்கு எந்த வேடம் என்று தீர்ந்ததும் அந்த வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார்கள். பிறகு சலங்கை கட்டுதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் பயிற்சி ஓடி அரங்கேற்றத்தில் முடியும். பேராசிரியர் சி. மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் நூல் இந்த ஒழுங்கையெல்லாம் விரிவாகப் பேசுகிறது. கவனியுங்கள், தெரிவு அங்கே ஒரு நாள் வேலை இல்லை. அடுக்குப் பார்க்கும் நாள்வரை அண்ணாவியார் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நாங்களோ ஆளுக்கு ஏழு நிமிடம் கொடுத்தோம்.

அதற்காக ஊர் முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். இராசா வேடம் யாருக்கு என்பதைக் குரல் மட்டும் தீர்மானிக்கவில்லை, குடும்பமும் சாதியும் சேர்ந்துதான் தீர்மானித்தன. பெண்களுக்குச் சட்டமே கிடையாது.

பல்கலைக்கழகம் கூத்துக்குள் வந்தபோது ஒரு விசயம் தலைகீழானது. 1956 நவம்பர் 3இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர மனமே நாடகத்தை மேடையேற்றினார். நடித்தவர்கள் பேராதனை மாணவர்கள். அவர்களைப் பழக்க பலப்பிட்டியவிலிருந்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற நாடகம ஆசான் வந்தார். நாடகம என்ற அந்தச் சிங்கள வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து கரையோரக் கத்தோலிக்கர் வழியாகப் போனதுதான். மனமேயில் இளவரசியாகப் பெண்ணே நடித்தார்.

அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழுக்கு அதைச் செய்தார். 1962இல் கர்ணன் போர், அதன் பிறகு நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை. விடியவிடிய ஆடும் கூத்தை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார். பழக்க வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பட்டம் எடுக்கப் போகிற பிள்ளைகள் கிராமத்து அண்ணாவியாரின் முன் தாளத்துக்குக் கால் வைத்துக் காட்டவேண்டி வந்தது! இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர்தான் பிற்காலத்துப் பேராசிரியர் மௌனகுரு. ஆனாலும் அந்த நான்கில் காமன் கூத்து இல்லை. பேராதனையிலிருந்து எங்கள் மலைக்கு எத்தனை மைல்?

(நொண்டி நாடகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "முஸ்லிம் பிள்ளைகளுக்கு நாடகம் எதற்கு?" என்று எங்களிடம் கேட்கும் மாமாமாருக்கு: சீதக்காதி நொண்டி நாடகம் என்றொரு பழைய தமிழ் நூல் இருக்கிறது. அதில் நொண்டி மக்காவுக்குப் போய்க் கால் பெறுகிறான். தேடி வாசியுங்கள்.)

யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் எங்களைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர். பிள்ளையை மேடையில் தனியே நிறுத்தி வசனம் கேட்பதற்கு முன் எல்லோரையும் சேர்த்து விளையாட விடுவது அவர் வழி. சிறுவர் நாடகத்தில் அவர் விட்டுப்போன பெரிய சொத்து அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கூச்சம் போன பிறகு வருவதுதானே பிள்ளையின் சொந்தக் குரல்.

மலையகத்தில் இதற்கு முன்னோர் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இளமையிலேயே விஸ்மாஜினி என்ற இசை நாடகத்தை எழுதி, 1934இல் தாகூர் இலங்கை வந்தபோது அவர் கையில் கொடுத்தவர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்தவரும் அவர்தான். நாங்கள் "இது நாடகமில்ல" என்று ஒதுக்கிய பாட்டுகள் அந்த வகைதான்.

இப்போது எங்கள் புள்ளித்தாளில் உச்சரிப்பு என்ற கட்டம் இல்லை. சங்க காலத் தூதுவனாக நடிக்கும்போது ழகரத்தைப் பழக்கிக்கொள்ளலாம், அதற்கு இரண்டு வருடம் இருக்கிறது. முதல் கட்டத்தில் "உன் வீட்டில், உன் தோட்டத்தில் கேட்ட ஒன்றை உன் பேச்சிலேயே செய்து காட்டு" என்று எழுதியிருக்கிறோம். அதற்கு முன் அரை மணித்தியாலம் விளையாட்டு. தெரிவு ஒரு நாளில் முடிவதில்லை, மூன்று கிழமை போகும். மேசைக்கு மூன்று ஆசிரியர்களோடு நாலாவதாகக் கூத்து வாத்தியார் ஒருவரும் வந்து உட்காருகிறார். போன முறை எங்கள் தெரிவில் இரண்டை அவர் மாற்றினார். ஒன்றில் அவர் சொன்னது சரி. மற்றதில் இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 13. செயன்முறைப் பரீட்சைக்கு ரதியைத்தான் செய்யப்போகிறாளாம். அன்று ரதி கட்டிய பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பழக்குகிறார். சேலையை எப்படிச் சொருகவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்க, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

புதிய பிரிவுக்கான தெரிவு வருகிற வியாழன் பின்னேரம் இரண்டு மணிக்கு. தோட்டத்துப் பெற்றோர் கொழுந்து நிறுத்துவிட்டு வருவதென்றால் ஐந்து மணிவரை மண்டபம் திறந்திருக்கும்.