கிணறும் எண்ணும்: பியர் ஊர்களின் நீர் வரலாறு

பள்ளி ஆய்வகத்தில் நாம் அறிமுகம் கொண்ட பி.எச். என்னும் அளவுகோல் பியர் ஆலையொன்று நிறுவிய ஆய்வகத்திற் பிறந்தது. கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், கரைசலின் அமிலத் தன்மையை ஓர் எளிய எண்ணாற் குறிக்க 1909இல் வகுத்த முறை அது. அந்த எண் வருமுன் பியர் வடித்தோர் எதை நம்பினர்? கிணற்றைத்தான்.

செய்முறையின் முதற்கட்டத்தை இங்கே சொல்லியாகவேண்டும். முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதை நொறுக்கிச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்த கூழ், மாஷ். தானியத்தின் நொதிகள் அக்கூழில்தான் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பி.எச். 5.2க்கும் 5.6க்கும் இடையில் நின்றால் வேலை செவ்வனே நடக்கும். மேலே ஏறினால் நொதிகள் சோரும். உமியின் துவர்ப்பு இறங்கி நாவைப் பிடிக்கும். உப்புகளற்ற நீரில் வெளிர்நிற மால்ட் 5.7, 5.8 என்று சற்று மேலேயே நிற்கும். நீரில் கரைந்த கால்சியம், மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்து அமிலத்தை விடுவிப்பதால் அந்த எண் இறங்குகிறது. பைகார்பனேட்டோ அமிலத்தை விழுங்கிவிடும். ஊருக்கு ஊர் பியர் வேறுபட்டதில் இந்த இழுபறிக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆலைகள் டிரென்ட் ஆற்று நீரை விட்டு ஜிப்சம் படுகைகளிடையே ஊறிய கிணற்று நீரை எடுத்தன. அதில் கால்சியமும் சல்ஃபேட்டும் மிகுதி. லண்டன் ஹாட்சன் ஆலை இந்தியாவுக்கு அனுப்பிவந்த கசப்பான வெளிர் ஏல் வகையை 1820களில் பர்ட்டனின் ஆல்சப் ஆலை வடித்துப் பார்த்தது. அங்கே அது லண்டனைவிடத் தெளிவாகவும் கசப்புத் தூக்கலாகவும் அமைந்தது. விளைவு, கும்பினியாரின் இந்தியச் சந்தை கைமாறியது. நீருக்காகவே லண்டன் முதலாளிகள் பர்ட்டனுக்குப் படையெடுத்தனர்: 1856இல் இண்ட் கூப், 1873இல் ட்ரூமன்.

டப்ளின் நீரில் பைகார்பனேட் அதிகம். வெளிர்நிற மால்ட்டுக்கு ஒவ்வாது. வறுத்த கரிய மால்ட்டின் இயல்பான அமிலம் அதை ஈடுகட்டிவிடும். பொஹீமியாவின் பில்சன் நகரத்து நீரோ ஏறக்குறைய உப்பே அற்றது. அங்கே 1842இல் யோசெஃப் க்ரோல் பொன்னிற லாகரை வடித்தார். நீரே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது மிகை என்று கருதுகிறோம். கால்வாயும் ரயிலும் இல்லாதிருந்தால் பர்ட்டன் கிணறுகளின் புகழ் ஊரெல்லையைத் தாண்டியிராது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதியியலார் பர்ட்டன் நீரைப் பகுத்தாராய்ந்து, பிற ஊர் நீரிலும் ஜிப்சம் கலந்து அதன் இயல்பைப் பெறலாம் என்றனர். அத்தொழிலுக்கே 'பர்ட்டனாக்கல்' என்ற பெயர் நிலைத்தது. பர்ட்டனுக்கு அது இழப்பே. ஆயினும் கிணற்றைப் பிறருக்குக் கொடுக்க இயலாது, கணக்கைக் கொடுக்கலாம். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தை 1875இல் நிறுவிய யாகப்சன், அதன் முக்கிய முடிவுகள் எவையும் மறைக்கப்படலாகாது என்றே விதி செய்திருந்தார். வணிகர் ஒருவர் இப்படி எழுதிவைத்தது நமக்கு இன்றும் வியப்பே.

கணக்கு மெல்ல வீடுகளுக்கும் வந்தது. கலிஃபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றை அளக்க ஆர்னால்டு பெக்மன் 1934இல் செய்த மின்கருவியின் வழித்தோன்றல் இன்று சட்டைப் பைக்குள் அடங்குகிறது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பியர் வடிக்க உரிமம் வேண்டியதில்லை; அமெரிக்காவில் கூட்டரசுத் தடை 1979இல் நீங்கியது. வீட்டில் வடிப்போர் பலர் உப்பு நீக்கிய நீரில் தொடங்கி, ஜிப்சத்தையும் கால்சியம் குளோரைடையும் கிராம் கணக்கில் நிறுத்து, லாக்டிக் அமிலத்தைத் துளித்துளியாக விடுகின்றனர். (கலப்படம் கூடாதென்னும் பழைய விதிக்குக் கட்டுப்பட்ட ஜெர்மானியர் புளித்த மால்ட்டைச் சேர்த்து அதே காரியத்தை முடித்துக்கொள்வது சுவையான சாமர்த்தியம்.)

அவர்களுட் சிலர் நூல்களில் அச்சான 'பர்ட்டன் நீர்', 'டப்ளின் நீர்' அட்டவணைகளை அப்படியே பின்பற்றுகின்றனர். இங்கே ஒரு தடை எழுப்பவேண்டும். அவை பெரும்பாலும் கிணற்று நீரின் கணக்குகள். மாஷில் ஊற்றுமுன் ஆலைகளில் நீரைக் காய்ச்சும் வழக்கம் உண்டு. காய்ச்சினால் பைகார்பனேட்டில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்துவிடும். படிவை அடியில் விட்டு மேல்நீரை மட்டும் எடுத்தவருடைய பியரை, கிணற்றுக் கணக்கைக் கொண்டு மீண்டும் வடித்துவிட முடியாது. கூழில் ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து, கருவியில் அளந்து பார்ப்பதே உசிதம்.