ரோடு ஹோல்: நான்கா, ஐந்தா?

1885-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் டேவிட் ஏட்டன் கோப்பைக்கு மிக அருகில் இருந்தார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸில், 17-ஆவது ஹோல் அவரிடமிருந்து 11 அடிகளைப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் அவர் தோற்றது இரண்டே அடி வித்தியாசத்தில். ரோடு ஹோல் என்று பெயர் பெற்ற இந்த ஹோல் அளவு மீறிக் கடினமானதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அப்படியில்லை என்பது என் கட்சி.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1852-இல் இந்த ஊருக்கு ரயில் வந்தது. ரயில்வேக் கொட்டகைகள் ஆட்டக்காரரின் பார்வையை மறைத்து நின்றன. முதல் அடியையே அவற்றின் மேலாகக் கண்ணை மூடிக்கொண்டதுபோல் அடிக்க வேண்டியிருந்தது. 1960-களின் இறுதியில் கொட்டகைகளை இடித்துவிட்டு அங்கே ஹோட்டல் கட்டினார்கள். பிறகு அதே கொட்டகை வடிவத்தை மீண்டும் எழுப்பினார்கள். அந்த மறைப்பு இல்லாமல் ஹோல் நிறைவாக இல்லை என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும்.

கிரீன், அதாவது குழி இருக்கும் புல்தரை, குறுகலானது, மேடானது, சாய்கோட்டில் கிடப்பது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆலன் ராபர்ட்சன் அமைத்தது என்பார்கள். முன்னால் இடப்பக்கம் ஆழமான பங்கர், மணற்பள்ளம். பின்னால் சாலை, அதை ஒட்டிக் கல்மதில். சாலையில் பந்து நின்றால் நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், சலுகை கிடையாது.

ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டமில்லை. ஊரார் நாய்களோடு உலாவுவார்கள். அப்படியொரு ஞாயிறன்று நானும் அந்தப் பங்கரின் விளிம்பில் நின்று பார்த்தேன். தொலைக்காட்சியில் அது சின்னப் பள்ளமாகத்தான் தெரியும். நேரில் பார்த்தால், சுற்றியுள்ள தரை முழுவதும் அதை நோக்கிச் சரிகிறது. வாசல் சிறியது, வாரிக்கொள்ளும் பரப்போ பெரியது.

1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனைத் தொட்டுவிட்டார். அங்கிருந்து மெல்லத் தட்டிய பந்து சரிவில் உருண்டு பங்கருக்குள் விழுந்தது. வெளியே எடுக்க நான்கு அடி. மொத்தம் 9. அதைப் படித்துவிட்டு ‘இது அநியாயம்’ என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த ஹோலின் பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுத்த அடிக் கணக்கு, 1960-களின் தொடக்கம் வரை 5. பிறகுதான் 4 என்று திருத்தினார்கள். பங்கரும் சாலையும் மதிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. நேற்று வரை நல்ல ஆட்டமாக இருந்த ஐந்து, மறுநாள் தோல்வியாகிவிட்டது. கடினம் என்பதை அட்டையிலுள்ள எண்ணை வைத்தோ சராசரியை வைத்தோ தீர்ப்பது எவ்வளவு பிசகு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நான் கேட்பது வேறு: பலம் குறைந்தவர் ஒதுங்கிப் போக வழி இருக்கிறதா? இங்கே இருக்கிறது. இரண்டாவது அடியைக் கிரீனுக்கு முன்பே, வலப்பக்கமாக நிறுத்தலாம். பிறகு தரையோடு உருட்டி ஏற்றலாம். ஐந்து கிடைக்கும், கை நன்றாக இருந்தால் நான்கும் கிடைக்கும். பேராசைக்குத்தான் பங்கரும் மதிலும்.

1984 ஓப்பனில் செவ் பாயெஸ்டெரோஸ் முதல் மூன்று நாளும் இங்கே ஐந்துதான் எடுத்தார். கடைசி நாள்தான் நான்கு வாய்த்தது. அவருக்குப் பின்னால் வந்த டாம் வாட்சன், ஆறாவது பட்டத்தைத் தேடி, நீள அடியாகக் கிரீனை நோக்கி அடித்தார். பந்து சாலையைத் தாண்டி மதிலருகே போய் நின்றது. ஐந்து. பட்டம் செவ்வுக்கு. மூன்று ஐந்துகளோடு ஒருவர் வென்றிருக்கிறார் என்பதை இந்த ஹோலைப் பழிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

2010 ஓப்பனுக்காக, முதல் அடி அடிக்கும் இடமான டீயைப் பின்னுக்குத் தள்ளி, 455 கெஜத்தை 495 ஆக்கினார்கள். பலர் முகம் சுளித்தார்கள். நான் வரவேற்றேன். நவீன மட்டைகளால் இரண்டாவது அடி எளிதாகிப்போய், துணிவதா ஒதுங்குவதா என்ற பழைய யோசனையே அற்றுப்போயிருந்தது. 2022-இல் கேமரன் ஸ்மித் பங்கருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு, அதைச் சுற்றிப் பந்தை உருட்டி, நான்கில் முடித்து, ஒரே அடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். தூரம் கூடியும் அந்தச் சுற்றுவழி திறந்தே இருந்தது. பந்தை உருட்டி ஏற்ற வழிவிடும், கிரீனுக்கு முன்னாலுள்ள வெட்டிய புல்லை என்றைக்காவது முழங்கால் உயரத்துக்கு வளரவிட்டார்களானால், அன்று நானும் கட்சி மாறுவேன்.