மாலுமிகளின் ஏடும் புயலின் இலக்கணமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும், பட்டறிவு ஏட்டில் ஏறாவிடின் அதுவும் ஊருக்கு உதவாமற் போவதுண்டு. இவ்விரண்டும் கூடியதால் ஓர் அறிவியல் வளர்ந்ததையும், ஆள்வோர் அதனைப் புறக்கணித்ததால் நேர்ந்த இழப்பையும் ஈண்டுக் காண்போம்.

ஹென்றி பிடிங்டன் (1797–1858) வணிகக் கப்பல் தலைவராயிருந்து, பின்னர்க் கல்கத்தாவில் குடியேறியவர். 1838இல் வில்லியம் ரீட் என்பார் புயல் விதி பற்றி வெளியிட்ட நூல் இவரது ஆர்வத்தைத் தூண்டிற்று. புயலிற் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்பேடுகளை இவர் தேடித் தொகுத்தார். இன்ன மணிக்குக் காற்று இன்ன திசை, பாரமானி இவ்வளவு இறங்கிற்று என மாலுமிகள் அவற்றில் எழுதியிருந்தனர். ஒரு கப்பலின் குறிப்பு மட்டும் அதிகம் உணர்த்தாது. ஒரே நாளில் பல இடங்களில் நின்ற கப்பல்களின் குறிப்புகளைப் படத்தில் பொருத்தியபோது, காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வது தெளிவாயிற்று. 1848இல் மாலுமிகளுக்கென எழுதிய கைந்நூலில், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் ‘சைக்ளோன்’ என்னும் பெயரை இவர் படைத்தார். மாலுமிகள் தந்த அறிவு, முறைப்படுத்தப்பெற்று மாலுமிகளுக்கே திரும்பியது.

அந்நாளில் கல்கத்தாவுக்குத் துணையாக, மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு எண்ணியது. புயலின்போது கடல் பொங்கி அவ்விடத்தை அழிக்கும் என்று பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. கானிங் என்னும் பெயருடன் துறைமுகம் எழுந்தது; 1867ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. முன்னுரைத்தவர் அதற்குமுன்பே மறைந்துவிட்டார்.

1988இல் தோன்றிய, பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டு அரசுகளின் குழு, 2022இல் வெளியிட்ட அறிக்கையில், அறிவியலோடு உள்ளூர் மக்களின் அறிவும் முடிவெடுப்பதற்குத் துணையாகும் என்று ஏற்றுக்கொண்டது.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் அத்தகைய அறிவு இருந்தது. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆதலின், பெரட்டுக்கு முன்பே வானத்தைப் பார்த்து, அன்று வெட்டலாமா என்று சொல்லவல்லார் இருந்தனர். எந்த ஆண்டில் இலையுதிர்வு பிந்தியது, எப்போது மழை தப்பியது என்பதையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தனர். ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. அப்பெரியோர்க்குக் கப்பல் ஏடு இல்லை. நினைவு ஒன்றே ஏடு. அவர்களிற் சிலரேனும் நம்மிடையே இருக்கும்போதே, ஆண்டும் இடமும் கேட்டு எழுதி வைத்தல் நம் கடன். எழுதினாலன்றோ ஒப்பிட்டு ஆராய இயலும்!