குயிலும் கோயிலும் ஒரே கோப்பாகும்போது: காஞ்சிபுரத்து ஆவணப் பெயர்களும் மென்பொருளின் எழுத்து வடிகட்டிகளும்

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையில் குயில்கண், மயில்கண் இரண்டும் பழைய வடிவங்கள். டெம்பிள் பார்டர் என்று கடைகளில் சொல்லப்படும் கோயில் கரையும் அப்படியே. இவற்றின் வரைபடங்கள் இன்று கணினியில் தீட்டப்பட்டுக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு வடிவமைப்பாளர் ஒன்றுக்குக் 'குயில்' என்றும் இன்னொன்றுக்குக் 'கோயில்' என்றும் பெயரிட்டு, ஓர் இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுகிறார் என்று கொள்வோம். எழுத்தல்லாத குறிகள் பெயரில் இருந்தால் நீக்கிவிடும்படி அந்தச் சேமிப்பகத்தின் நிரல் எழுதப்பட்டிருக்கிறது. பைத்தான் மொழியோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியைக் கொண்டு அந்த வடிகட்டி செய்யப்பட்டிருந்தால், அது உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. குயில் 'கயல' ஆகிறது. கோயிலும் 'கயல' ஆகிறது. இரண்டாவதாக ஏறிய கோப்பு முதல் கோப்பின்மேல் எழுதப்பட்டுவிட்டால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு வடிவம் அழிந்துபோகிறது. 'கயல்' என்று மூன்றாவது கோப்பு வந்தாலும் அதற்கும் இதே கதி. மயிலும் முயலும் 'மயல' என்ற ஒரே பெயரில் வந்து நிற்கும். சேலையும் சோலையும் சாலையும் 'சல' ஆகும். ஊரின் பெயரே 'கஞசபரம' ஆகிவிடும்.

கோப்புப் பாதைகளில் சிறப்புக் குறிகளைக் கையாள்வது நிரலாளருக்கு மட்டுமே உரிய சில்லறைச் சிக்கல் என்று கருதப்பட்டுவருகிறது. ஆவணப் பாதுகாப்பின் அடிப்படைச் சிக்கல்களில் அதுவும் ஒன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். பெயரைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று குறிகளை நீக்குவது, தமிழ்போன்ற மொழிகளில், ஆவணத்தை அழிக்கும் செயல். அதைத் தடுக்கப் பெயரும் அடையாளமும் வெவ்வேறு என்பதை மென்பொருள் ஏற்றாக வேண்டும்.

குற்றம் யூனிகோடின்மேல் சுமத்தப்படுவதுண்டு. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்துக் குறியேற்றியதால்தான் இந்தக் கோளாறு. டேஸ்-16 என்ற தமிழ்க் குறியேற்றம் போல ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் இருந்திருந்தால் வடிகட்டி ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது அந்த வாதம். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் ஏற்றது. ஆனால் டேஸ்-16இன் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் வைக்கப்பட்டவை. அந்தப் பகுதியிலுள்ள எதையும் மேற்சொன்ன வடிகட்டி எழுத்தாக ஏற்பதில்லை. அங்கே 'கயல' கூட மிஞ்சாது. பெயர் முழுவதும் வெறுமையாகும். யூனிகோடு அமைப்பு தன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பரிந்துரையிலேயே, சொல்லின் பகுதி எது என்று கணக்கிடும்போது சேர்குறிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதைப் பின்பற்றாத நிரல்தொகுதிகளிடமும், அவற்றைச் சோதிக்காமல் பயன்படுத்துபவரிடமும்தான் பிழை இருக்கிறது. தேவநாகரியும் தாய்லாந்து எழுத்தும் இதே அடியை வாங்குகின்றன. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான வடிகட்டி இன்னும் கடுமையானது. அதற்கு எழுத்து என்றால் ஆங்கில இருபத்தாறும் பத்து இலக்கங்களும் அடிக்கோடும் மட்டுமே.

எந்தக் குறி சிறப்புக் குறி என்பது இயல்பாக அமைந்த ஒன்றல்ல. வரலாற்று விபத்துகள் அதைத் தீர்மானித்தன. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் கோப்புப் பெயரில் இரண்டை மட்டுமே மறுக்கின்றன: சாய்கோடு, மதிப்பு சுழியான பைட். விண்டோஸ் ஒன்பது குறிகளை மறுக்கிறது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி ஆகியவை அவற்றில் அடக்கம். 1983இல் எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பில் அடைவுகள் வந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக்குறியாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அதனால் பாதைக்கு இடச்சாய்கோடு கிடைத்தது. அன்றைய அந்தத் தேர்வின் சுமையை இன்றும் ஒவ்வொரு நிரலாளரும் சுமக்கிறார். யூனிகோடுக்கு முன் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. பாமினி எழுத்துருவில் மெய்ப்புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் அமர்ந்தது. காஞ்சிபுரம் என்று அதில் தட்டினால் கணினி காண்பது இரண்டு அரைப்புள்ளிகள் கொண்ட ஒரு சரம். யூனிக்ஸ் கட்டளை வரியிலோ அரைப்புள்ளி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் குறி.

சாய்கோட்டுக்கு வருவோம், ஏனெனில் காஞ்சிபுரத்தின் ஆவணங்கள் சாய்கோட்டால் நிறைந்தவை. நிலத்தின் புல எண்ணில் உட்பிரிவு சாய்கோட்டுக்குப் பின் வருகிறது. கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் அந்த ஆண்டின் வரிசை எண் உண்டு. ஆய்வாளர் அதை எண், சாய்கோடு, ஆண்டு என்று சுருக்கி எழுதுவார். பட்டுக் கடையின் விற்பனைப் பட்டியலிலும் இதுதான் வழக்கம். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு சேவை வரி விதிகளில் 46ஆம் விதி, பட்டியல் எண் பதினாறு குறிகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்தும் இலக்கமும் தவிர அது அனுமதிக்கும் குறிகள் சிறுகோடும் சாய்கோடும் மட்டுமே. சட்டம் அனுமதித்த குறியைக் கோப்பு முறைமை தன் பிரிப்பானாக வைத்திருக்கிறது. பட்டியல் எண்ணையே கோப்பின் பெயராக வைக்கும் நிரல், சாய்கோட்டைக் கண்டதும் ஒன்று பிழை சொல்லும், அல்லது இல்லாத அடைவைத் தேடும்.

இங்கேயும் வடிகட்டியின் முதல் உந்துதல் நீக்குவதுதான். புல எண் 12/3 என்பதிலிருந்து சாய்கோட்டை எடுத்தால் 123. 1/23 என்பதிலிருந்து எடுத்தாலும் 123. இரண்டும் வெவ்வேறு நிலங்கள். ஒன்று கோயில் நிலமாகவும் மற்றது தனியார் மனையாகவும் இருக்கலாம். சிறுகோட்டால் மாற்றினால் பாதி தீரும். ஆனால் பட்டியல் எண்ணில் இரண்டு குறிகளும் சட்டப்படி செல்லும் என்பதால், மாற்றியபின் எது எதுவாக இருந்தது என்று சொல்ல முடியாது. மீட்டெடுக்க முடியாத எந்த மாற்றமும் ஆவணத்தின்மேல் செய்யத் தகாதது. தப்பிக்குறி முறையில், அதாவது ஒவ்வொரு தடைக்குறியையும் அதன் எண்ணைச் சொல்லும் தொடராக மாற்றும் முறையில், பழைய பெயரை அப்படியே திரும்பப் பெறலாம். இணைய முகவரிகள் இதைச் செய்கின்றன. அதற்கு விலை உண்டு. கண்ணுக்கு ஆறு எழுத்தாகத் தெரியும் காஞ்சிபுரம், யூனிகோடில் 11 குறியெண். யுடிஎஃப்-8இல் 33 பைட். முகவரிக்கான விழுக்காட்டுக் குறியேற்றத்தில் 99 குறிகள்.

இந்த நீளம் வெறும் அழகுக் கேள்வியல்ல. லினக்ஸின் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் என்பதால் 85 குறியெண்ணோடு இடம் முடிந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 பதினாறு-பிட் அலகுகளைத் தருகிறது. அங்கே ஒரு தமிழ்க் குறியெண் ஓர் அலகு. எனவே விண்டோஸில் தடையின்றிச் சேமித்த, தலமும் இறைவன் பெயரும் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் கொண்ட நீண்ட கல்வெட்டுத் தலைப்பு, லினக்ஸ் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படலாம், அல்லது நடுவில் வெட்டப்படலாம். பைட் கணக்கில் வெட்டும் நிரல் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தி வைக்கும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது அடுத்த சிக்கல். கோயில் என்பதன் முதல் எழுத்தில் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, பின் ஆகாரக் குறி என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்று அறிவித்திருக்கிறது. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. லினக்ஸோ வழக்கமாகப் பைட்டுகளை மட்டுமே பார்க்கும். ஆகவே ஒரே அடைவில் 'கோயில்' என்று இரண்டு கோப்புகள் அருகருகே இருக்கலாம். எந்தக் கண்ணும் வேறுபாட்டைக் காணாது. ஏபிஎஃப்எஸ் செய்வதே சரியான வழி என்பது என் தீர்ப்பு. எழுதியவர் எழுதியதை மாற்றாமல் வை. சமமா என்று கேட்கும்போது மட்டும் இயல்பாக்கு.

இயல்பாக்கமும் எல்லாவற்றையும் தீர்க்காது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தைக் கிரந்த 'ஸ' கொண்டும் குறியேற்றலாம். 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த 'ஶ' கொண்டும் குறியேற்றலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம் பெறும். ஆனால் யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை, எனவே எந்த இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது. இராமானுசர் பிறந்த ஊரைப் பற்றிய கோப்புகளில் பாதி ஒரு தேடலுக்கும் மீதி இன்னொரு தேடலுக்கும் கிடைக்கும். காமாட்சியம்மன் பெயரைக் கிரந்தத்தோடு எழுதுபவர்களில் சிலர் 'க்ஷ' சேராமல் பிரிந்து தெரிய, கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறி ஒன்றை நடுவில் இடுகிறார்கள். அந்தக் குறியும் கோப்பின் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழுக்கென்று ஓர் ஒப்பீட்டு அட்டவணை, யூனிகோடின் பொதுவிதிக்கு மேலாக, ஒவ்வொரு தமிழ் ஆவணக்காப்பகத்துக்கும் தேவை. அதைத் தமிழறிந்தவர்தான் செய்ய முடியும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துவிடலாமே என்பார்கள். எண்ணிமப்படுத்தல் பணிகளில் இது பரவலான அறிவுரை, மதிக்கத்தக்க காரணமும் உண்டு: எந்தக் கணினியிலும் அந்தப் பெயர் உடையாது. ஆனால் பட்டுக் கடையில் கரை என்பதற்கும் கறை என்பதற்கும் உள்ள தொலைவை எண்ணிப்பாருங்கள். சாதாரண ஆங்கில ஒலிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். ல, ள, ழ மூன்றும் மங்கும். ந, ன, ண ஒன்றாகும். வடிகட்டி இயந்திரத்தனமாகச் செய்த அழிவை இங்கே மனிதர் கையால் செய்கிறார். ஊரின் பெயரையே ஆங்கிலத்தில் காஞ்சிபுரம், காஞ்சீபுரம், கஞ்சீவரம் என்று மூவகையாக எழுதிய ஆவணங்கள் குவிந்திருக்கும்போது, ஆங்கிலம் ஒருமை தரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

பெயரையும் அடையாளத்தையும் பிரிக்கும் வழி காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், திருச்சுற்றை ஒட்டிய சிற்றாலயங்களில், பல்லவ மன்னன் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகளில் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டறிஞர் ஹூல்ச் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்தார். வரிவடிவம் மாறுகிறது, பெயர் மாறவில்லை. படிப்பவருக்கு அது உறுதிப்படக் காரணம், ஒவ்வொரு பெயரும் தன் இடத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான். கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண் அதே வேலையைத் தாளில் செய்தது. ஏகாம்பரநாதர், ஏகம்பர், ஏகாம்பரேசுவரர் என்று இறைவன் பெயரை யார் எப்படி எழுதினாலும், ஆண்டும் எண்ணும் ஒரே கல்லிடம் கொண்டு சேர்க்கும்.

மென்பொருளுக்கும் இதுவே முறை. சேமிக்கும் பாதையை நிரல் தானே உருவாக்கும் ஓர் எண்ணிலிருந்து அமைக்கட்டும். மனிதர் இட்ட பெயர், சாய்கோடு, முக்காற்புள்ளி, ஸ்ரீ எல்லாவற்றோடும், தரவுத்தளத்தில் ஒரு புலமாக முழுமையாக இருக்கட்டும். பாதுகாப்புக்காகவே பெயர்களை வடிகட்டுகிறோம் என்ற எதிர்வாதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பெயரில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து மேலடைவுக்கு ஏறிச் செல்லும் தாக்குதல் உண்மையானது. அதை அசட்டை செய்ய முடியாது. ஆனால் பயனர் தந்த சொல் பாதையின் பகுதியாகவே ஆகாதபோது அந்தத் தாக்குதலுக்கு நுழைவாயில் இல்லை. பெயரையே பாதையாக வைத்தாக வேண்டிய சிறிய நிரல்களில், ஆபத்தான பெயரை மறுத்துக் காரணம் சொல்வது, அதைச் சத்தமில்லாமல் திருத்துவதைவிட நேர்மையானது. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மேலெழுதாமல் நிற்பதும் அதே நேர்மையின் பகுதி.

ஏற்கெனவே சிதைந்த தொகுப்புகளை என்ன செய்வது? 'மயல' என்ற பெயரிலிருந்து மயிலா முயலா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். படமென்றால் கண் சொல்லிவிடும். வருடிய ஆவணமென்றால் உள்ளே எழுதியிருக்கும் புல எண்ணையோ கல்வெட்டு எண்ணையோ படித்துப் பதிய வேண்டும். மூலக் கணினியில் பழைய கோப்பு இன்னும் இருந்தால், உள்ளடக்கத்தின் ஹாஷ் மதிப்பை ஒப்பிட்டு, அதன் முழுப் பெயரை மீட்கலாம். மேலெழுதப்பட்டு அழிந்த கோப்புக்கு, மூலத்தில் பிரதி இல்லையென்றால், இந்த வழி ஒன்றும் உதவாது. ஆகவே பழைய வன்தட்டுகளையும் வடிவமைப்பாளர்களின் பென் டிரைவ்களையும் தூக்கியெறியும் முன், சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையை மூலத்தின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்ப்பதை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.