பாடசாலை வாசலும் வகுப்பறையும்: திருகோணமலையில் பெண் கல்வி

ஒரு சமுதாயத்தில் நீதி எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்று அறிய விரும்புவோர் அதன் வகுப்பறைகளைப் பார்க்க வேண்டும். உள்ளே அமர்ந்திருப்போர் யார், வெளியே நிற்போர் யார், உள்ளே இருப்போருள்ளும் பேசுவோர் யார், வாய்மூடிக் கேட்போர் யார் என்று வினவினால், அந்தச் சமுதாயத்தின் மேடுபள்ளங்கள் யாவும் புலனாகிவிடும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டத்தின் பெண் கல்வி வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவோம்.

போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டனர். 1795-ம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டையும் துறையும் 1957 வரை அவர்களது கடற்படையின் தளமாக விளங்கின. ஆழ்ந்த துறைமுகத்தின் மீது வல்லரசுகள் கொண்ட அக்கறையில் நூற்றில் ஒரு பங்குகூடத் துறைமுகத்து மக்களின் பிள்ளைகள் மீது விழவில்லை. எழுத்தறிவைப் பெண்களிடம் முதலிற் கொண்டுசென்றவர்கள் மிஷனரிமார். வடக்கே உடுவிலில் 1824-ம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷன் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை நிறுவியது. கிழக்கில் மெதடிஸ்த, கத்தோலிக்கத் திருச்சபைகள் அப்பணியில் ஈடுபட்டன. அவர்களுடைய நோக்கம் நல்ல கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவதுதான் என்பது உண்மை. ஆயினும், எழுத்தறிந்த பெண்ணின் சிந்தனைக்கு எல்லைக்கோடு கீற எந்த மிஷனாலும் முடியாது என்பதும் உண்மையே.

சைவர்கள் விழித்துக்கொண்டபோது முதலில் எண்ணியது ஆண்பிள்ளைகளைத்தான். திருகோணமலை இந்துக் கல்லூரியின் தொடக்கம் 1897-ம் ஆண்டைச் சேர்ந்தது. பெண்களுக்கான சண்முக வித்தியாலயமோ, கால் நூற்றாண்டு கழித்து, 1923-ம் ஆண்டிலேதான் பிறந்தது. அதைப் பிறப்பித்தவரும் ஒரு பெண்ணே. தங்கம்மா சண்முகம்பிள்ளை அவர் பெயர். இலங்கைப் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்த 1931-ம் ஆண்டுக்கு எட்டாண்டுகள் முன்னரே, அரசியலில் குரலற்றவராய் இருந்த ஒரு பெண், பிற பெண்களின் கல்விக்காக ஒரு கலாநிலையத்தை எழுப்பினார். இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி என வழங்கும் அந்நிலையத்தின் பெயரில் 'தங்கம்மா' என்ற சொல் இல்லை. பெண்ணின் உழைப்பு நிலைத்து நிற்க, அவள் பெயர் மட்டும் மறைந்துபோவது நம் வரலாற்றுக்குப் பழகிய வழக்கந்தான்.

இதே காலப் பகுதியில் திருகோணமலைக்கு வந்தவர் சுவாமி விபுலாநந்தர். இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்தபின், 1920-களின் பிற்பகுதியில் அவர் அதன் அதிபராகப் பணிபுரிந்தார். காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானம் கற்று, துறவு பூண்ட அப்பெருமகனார், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய நாட்களிலும், அருகிலிருந்த திருவேட்களத்து ஒடுக்கப்பட்ட மக்களிடையே கல்விப் பணி செய்தார். பேராசிரியர் பீடத்துக்கும் சேரிக்கும் இடையேயுள்ள தூரத்தை நடந்தே கடந்தவர் அவர் எனலாம். கல்வியும் சமூக நீதியும் வெவ்வேறு துறைகள் என எண்ணுவோர்க்கு அவர் வாழ்வே மறுமொழி.

எனினும், தனிமனிதரின் தியாகத்தால் ஊருக்கு ஒரு பாடசாலை எழலாம். நாடெங்கும் கல்வி பரவ மக்களின் அரசியல் பலம் வேண்டும். சர்வசன வாக்குரிமையின் பயனாய் உருவான அரசாங்க சபையிலே கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கராவின் முயற்சியால், 1945-ம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டுமே கட்டணம் செலுத்த வசதியுள்ள குடும்பம் எந்தப் பிள்ளையை அனுப்பும்? ஆண்பிள்ளையைத்தானே! கட்டணம் நீங்கியபோது அந்தத் தேர்வுக்கே அவசியம் குறைந்தது. 1946-ம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இந்நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 70 பேர். பெண்களோ 44 பேர் மட்டுமே. 1981-ல் இவ்விகிதம் முறையே 91 ஆகவும் 83 ஆகவும் உயர்ந்தது. 26 ஆக இருந்த இடைவெளி, 35 ஆண்டுகளில் 8 ஆகச் சுருங்கியது. உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை 1960, 1961-ம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980-ல் இலவசப் பாடநூல்களும், 1993-ல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. இவை யாரும் இட்ட பிச்சையல்ல. பாட்டாளி மக்கள் வாக்குச் சீட்டாலும் கிளர்ச்சியாலும் பெற்ற உரிமைகள்.

வாசல் திறந்துவிட்டது. அப்பால்?

வாசலைக் கடந்தவர்க்கெல்லாம் உள்ளே சமமான இடம் கிடைத்துவிடுவதில்லை. 1930-ம் ஆண்டையொட்டிய காலத்தில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்ற கட்டளை பிறந்தபோது, யாழ்ப்பாணத்தில் உயர்சாதியினர் எதிர்த்தெழுந்தனர், பாடசாலைகள் தீக்கிரையாயின. தன் பிள்ளைக்கு அருகில் மற்றொருவன் பிள்ளை அதே வாங்கில் இருப்பதைவிடப் பாடசாலையே எரிந்துபோகட்டும் என்று எண்ணினார்கள்! சாதியின் பெயரால் வெளிப்படையாக நடந்த அதே அநீதி, பால் வேற்றுமையின் பெயரால் சத்தமின்றி நடைபெறுகிறது.

இதனை ஆராய்ச்சி வாயிலாக எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் கல்விப் பேராசிரியர் ஸ்வர்ணா ஜயவீர. கொழும்பில் 1984-ம் ஆண்டு தோன்றிய பெண்கள் ஆய்வு மையத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். இலவசக் கல்வி பெண்களைப் பாடசாலைக்குக் கொண்டுவந்ததை அவர் மனமார ஏற்கிறார். ஆனால், அந்தக் கல்வி, பெண்ணின் இடம் எது என்பது பற்றிய பழைய எண்ணங்களை அசைக்கவில்லை என்பதை அவரது ஆய்வுகள் நிறுவுகின்றன. பெண்பிள்ளைக்கு மனையியலும் தையலும், ஆண்பிள்ளைக்கு மரவேலையும் உலோகவேலையும் என்று பாடங்களே பிரிந்து நிற்கின்றன. பாடநூலில் தாய் சமைக்கிறாள். தந்தை பத்திரிகை படிக்கிறார். இன்று நம் பல்கலைக்கழக மாணவருள் பெண்களே பெரும்பான்மையினர். ஆயினும் பொறியியல் பீடத்தில் அவர்கள் சிறுபான்மையினர். நாட்டின் தொழிற்படையிலோ, வேலை செய்யும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவரே இடம்பெறுகின்றனர்.

இதைத் துறைமுகத்து நிலைமையோடு பொருத்திப் பார்ப்போம். துறைமுகமும் மாவாலையும் சீமெந்து ஆலையும் உள்ள ஊர் இது. இயந்திரத்தின் மொழியை அறியாதபடி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? மூதூரிலும் கிண்ணியாவிலும் ஏழைத் தாய்மார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். அப்போது தம்பி தங்கையரைப் பராமரிக்க வீட்டில் நின்றுவிடுபவள் மூத்த மகளேயன்றி மூத்த மகன் அல்லன். கட்டாயக் கல்விச் சட்டம் 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், அடுப்பங்கரைப் பொறுப்பை அந்தச் சட்டம் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. அவளது வரவுக் குறைவை இடாப்பில் குறிக்கும் நாம், அதன் காரணத்தையும் குறிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இனி, உடையைப் பற்றிய வழக்கு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் அறுதிப் பெரும்பான்மையினர் அல்லாத மாவட்டம் இது. 2018 ஏப்ரலில், தங்கம்மா நிறுவிய அதே கல்லூரியில், முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடையை எதிர்த்து ஆர்ப்பாட்டம் எழுந்தது. அவர்கள் தற்காலிகமாக வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகளுக்குச் சார்பாகவே தன் முடிவை வெளியிட்டது. 2024-ல், திருகோணமலை சாஹிராக் கல்லூரி மாணவியர் எழுபது பேரின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் அவர்களது தலைத்துணி காதுகளை மறைத்தது என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டன. ஒரு நிகழ்ச்சியில் எதிர்த்தவர்கள் தமிழர். மற்றொன்றில் தண்டித்தது பரீட்சை நிர்வாகம். இரண்டிலும் விலை கொடுத்தவர்கள் பெண்கள். போரின்போது எல்லா இனத்துப் பிள்ளைகளும் கல்வியை இழந்த இம்மண்ணில், ஒடுக்குமுறை என்னவென்று அனுபவத்தால் அறிந்த தமிழ் மக்கள், மற்றொரு சிறுபான்மையினரின் உரிமை மறுக்கப்படும்போது வாளாவிருத்தல் தகுமா? பண்பாட்டைக் காப்பது வேறு. பண்பாட்டின் பெயரால் ஒரு பெண்ணின் உடைக்குக் காவல் நிற்பது வேறு.

இவற்றுக்கெல்லாம் ஆசிரியன் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, ஆசிரியர் அறிவை இட்டுவைக்க மாணவர் வாங்கிவைக்கும் முறையை வங்கிமுறைக் கல்வி என்றழைத்தார். கேள்வி கேட்காத மாணவியை நல்ல பிள்ளை என்று நாம் மெச்சும்போது, கேள்வி கேட்காத மனைவியையும், கேள்வி கேட்காத தொழிலாளியையும் உருவாக்குகிறோம். வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கும் சிறுமியை அடக்காதிருப்போம். கூட்டுமாற்றுப் பணியில் ஆண்பிள்ளையின் கையிலும் விளக்குமாற்றைக் கொடுப்போம். விஞ்ஞானகூடத்தின் திறவுகோலைப் பெண்பிள்ளையின் கையிலும் கொடுப்போம். தாய் சமைக்கும் பாடத்தைக் கற்பிக்கும்போது, தந்தை ஏன் சமைக்கவில்லை என்று வகுப்பையே கேட்கச் செய்வோம். இவற்றுக்குச் சுற்றறிக்கை எதுவும் வேண்டியதில்லை.

1923-ல் ஒரு பெண் வாசலைத் திறந்தார். 1945-ல் மக்களின் பலம் கட்டணத் தடையை அகற்றியது. வாசலைக் கடந்து வந்த பெண்பிள்ளை எழுந்து நின்று அஞ்சாது பேசும் வகுப்பறையை உருவாக்கும் பொறுப்பு எஞ்சியிருக்கிறது. அது நம்முடையது.